புராஸ்டேட் புற்றுநோய் சிகிச்சை: நிதானிக்கும் இடமும் ஓட வேண்டிய இடமும்

பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் "கேன்சர்" என்ற சொல்லோடு வாசிப்பு நின்றுவிடும். மீதிப் பக்கங்களை யாரும் புரட்டுவதில்லை. வீட்டில் அடுத்து எழும் கேள்வி, "ஆபரேஷன் எப்போ?" புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) விஷயத்தில் அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: இதற்கு அவசரம் உண்டா? பெரும்பாலோருக்கு முடிவெடுக்க வாரக்கணக்கில் அவகாசம் உண்டு. சிலருக்கு ஆண்டுக்கணக்கில். மிகச் சிலருக்குத்தான் மணிக்கணக்கு. தாம் எந்த வரிசையில் நிற்கிறோம் என்பது யாரும் புரட்டாத அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது க்ளீசன் ஸ்கோர். 1960களில் டொனால்ட் க்ளீசன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் உருவாக்கிய அளவுகோல் அது. மைக்ராஸ்கோப்பில் அதிகம் தெரியும் அமைப்புக்கு ஓர் எண், அடுத்ததற்கு ஓர் எண், இரண்டையும் கூட்டிச் சொல்வார்கள். இன்றைய நடைமுறையில் பயாப்ஸியில் வரும் மிகக் குறைந்த ஸ்கோரே 6 (3+3) என்பது பலருக்குத் தெரியாது. "பத்துக்கு ஆறா!" என்று பதறுகிறார்கள், உண்மையில் அது படிக்கட்டின் முதல் படி. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் பின்னாளில் 1 முதல் 5 வரை கிரேடு குரூப் என்ற எண்ணையும் சேர்த்தார்கள். 3+4, 4+3 இரண்டும் கூட்டினால் 7தான். ஆனால் முன்னது கிரேடு குரூப் 2, பின்னது 3. எந்த எண் முன்னால் நிற்கிறது என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறும்.

அடுத்து, எடுத்த துண்டுகளில் எத்தனையில் நோய் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 12 துண்டில் ஒன்றில் 5 சதவீதம் இருப்பதும் 9 துண்டில் 80 சதவீதம் இருப்பதும் ஒன்றல்ல. ரிப்போர்ட்டில் "கிரிப்ரிஃபார்ம்" அல்லது "இன்ட்ராடக்டல்" என்ற சொல் இருந்தால் அடிக்கோடிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்கோர் குறைவாகத் தெரிந்தாலும் நோய் கொஞ்சம் முரடு என்பதற்கான அடையாளம் அது.

இவற்றோடு பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம், ரத்தத்தில் பார்ப்பார்கள்) அளவையும் ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்த்த பரிசோதனையையும் சேர்த்தால் அபாய வகை கிடைத்துவிடும். பி.எஸ்.ஏ. 10க்குக் கீழ், க்ளீசன் 6, கட்டி கையில் தட்டுப்படவில்லை அல்லது சிறிதாக ஒரு பக்கம் மட்டும் என்றால் குறைந்த அபாயம். பி.எஸ்.ஏ. 10 முதல் 20 வரை, அல்லது க்ளீசன் 7 என்றால் நடுத்தரம். பி.எஸ்.ஏ. 20க்கு மேல், அல்லது க்ளீசன் 8 முதல் 10 வரை, அல்லது கட்டி சுரப்பியின் உறையைத் தாண்டிவிட்டது என்றால் அதிக அபாயம். மூன்றில் எது மோசமாக இருக்கிறதோ அதுதான் வகையைத் தீர்மானிக்கும்.

பி.எஸ்.ஏ. எண்ணிலேயே ஏமாற வழி இருக்கிறது. சுரப்பி வீக்கத்துக்காக ஃபினாஸ்டரைடு அல்லது டூட்டாஸ்டரைடு மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுபவருக்கு பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகக் குறைந்து காட்டும். ரிப்போர்ட்டில் 4 என்றால் 8 என்று படிக்க வேண்டும். தலைமுடி கொட்டுவதற்காகச் சாப்பிடும் ஃபினாஸ்டரைடும் இதில் சேர்த்திதான். அதை மருந்தாகவே கருதாததால் டாக்டரிடம் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறாக, சிறுநீர்த் தொற்று இருந்தால் எண் தாறுமாறாக எகிறும். தொற்று அடங்கி ஆறு வாரம் கழித்து எடுப்பதே சரி. விந்து வெளியேறியது, நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டியது இவையும் கொஞ்சம் ஏற்றிவிடும், இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். எப்போதும் ஒரே லேபில் எடுங்கள்.

இரண்டாவது கருத்து கேட்பதென்றால் பலரும் இன்னொரு அறுவை மருத்துவரைத்தான் தேடுகிறார்கள். அதற்கு முன் ஸ்லைடுகளையும் பயாப்ஸித் துண்டுகளைப் பதித்த மெழுகு பிளாக்குகளையும் கேட்டு வாங்கி, சிறுநீரகத் துறை பயாப்ஸிகளையே அதிகம் பார்க்கும் இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் படிக்கக் கொடுங்கள். 3+4ஆ 4+3ஆ என்பதில் இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிப்பது அபூர்வமல்ல. பின்னால் எடுக்கப்போகும் எல்லா முடிவும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

ஸ்கேன் விஷயத்தில், குறைந்த அபாயத்துக்கு எலும்பு ஸ்கேன் தேவையில்லை. எடுத்தால் பழைய அடிபட்ட தடமோ தேய்மானமோ தெரிந்து வீண் பயம்தான் மிஞ்சும். அதிக அபாயத்துக்கு, புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களை ஒளிர வைத்துக் காட்டும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் நல்லது. 2020இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பரவலைக் கண்டுபிடிப்பதில் அதன் துல்லியம் 92 சதவீதம், சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து 65 சதவீதம். எம்.ஆர்.ஐ.யைப் பயாப்ஸிக்கு முன்பே எடுத்துவிடுவது உத்தமம். முடியாமல் போனால் ஆறு முதல் எட்டு வாரம் பொறுங்கள். ஊசி குத்திய இடத்து ரத்தக்கசிவு படத்தில் நோய் போலவே தெரிந்து குழப்பும்.

கண்காணிப்பு என்பது சும்மா இருப்பது அல்ல

குறைந்த அபாயம் என்று உறுதியானவருக்கு இன்று முதலில் சொல்லப்படுவது தீவிரக் கண்காணிப்பு. பிரிட்டனில் 1,643 ஆண்களை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு, ஒன்றுக்கு அறுவை, ஒன்றுக்குக் கதிர்வீச்சு என்று கொடுத்து 15 ஆண்டு பின்தொடர்ந்த புரோடெக்ட் ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. மூன்று பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் 3 சதவீதத்தை ஒட்டியே இருந்தார்கள், பிரிவுகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. இதோடு நிறுத்திச் சொல்வது பாதி உண்மை. கண்காணிப்புப் பிரிவில் 9.4 சதவீதம் பேருக்கு நோய் பரவியது. மற்ற இரண்டிலும் அது ஏறக்குறைய 5 சதவீதம். கண்காணிப்பில் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 61 சதவீதம் பேர் 15 ஆண்டுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ போனார்கள். மீதிப் பேர் அந்தப் பக்கவிளைவுகள் எதையும் பார்க்காமலே இருந்தார்கள்.

கண்காணிப்பின் அட்டவணை ஏறக்குறைய இப்படி இருக்கும்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., ஆண்டுக்கு ஒருமுறை விரல் பரிசோதனை, முதல் ஓராண்டு ஒன்றரை ஆண்டுக்குள் மறுபடி பயாப்ஸி, தேவைப்படும்போது எம்.ஆர்.ஐ. இதில் தவறு நடப்பது மூன்றாவது நான்காவது ஆண்டில். இரண்டு பரிசோதனை நல்லபடியாக வந்ததும் "நமக்கு ஒன்றுமில்லை" என்ற நினைப்பு வந்துவிடும், தேதி தள்ளிப்போகும். எப்போது கண்காணிப்பை விட்டுச் சிகிச்சைக்கு மாறுவது என்பதை முதல் நாளே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பி.எஸ்.ஏ. ஒருமுறை ஏறியதற்காக மாற வேண்டியதில்லை. மறு பயாப்ஸியில் கிரேடு ஏறினால்தான் பேச்சு.

வயது மிக முதிர்ந்து, இதய நோயோ வேறு பெரிய நோயோ உள்ளவருக்குச் சொல்லப்படுவது வேறு. அங்கே பயாப்ஸியெல்லாம் திரும்ப எடுக்க மாட்டார்கள். தொந்தரவு வந்தால் அப்போது மருந்து. இரண்டையும் ஒன்றென்று எண்ணி, "அப்பாவைக் கைவிட்டுவிட்டார்கள்" என்று பிள்ளைகள் சண்டைக்குப் போவதுண்டு. பத்து ஆண்டுக்குள் தொல்லை தர வாய்ப்பில்லாத நோய்க்காக எண்பத்தைந்து வயதுக்காரரை மேஜையில் ஏற்றுவதுதான் அவருக்குக் கெடுதல்.

கத்தியா, கதிரா?

நடுத்தர அபாயத்தில் இரண்டுமே குணமாக்கும். எது சிறந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பதில் கிடைக்காது. எந்தப் பக்கவிளைவோடு வாழ உங்களால் முடியும், உடம்பில் ஏற்கெனவே என்ன கோளாறு இருக்கிறது என்று கேட்டால் பதில் தானே வரும். சிறுநீர் ஏற்கெனவே முக்கி முக்கித்தான் போகிறது, சுரப்பி பெரிது என்றால் அறுவை புற்றுநோயையும் அடைப்பையும் ஒரே அடியில் தீர்க்கும். கதிர்வீச்சு அடைப்பை முதலில் இன்னும் கூட்டும். குடலில் அழற்சி நோய் உள்ளவர், வேறொரு நோய்க்காக இடுப்பில் ஏற்கெனவே கதிர்வீச்சு வாங்கியவர் இவர்களுக்குக் கதிர்வீச்சு பொருந்துவது கடினம். மயக்க மருந்தைத் தாங்காத இதயம், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்த முடியாத நிலை என்றால் கதிர்வீச்சு. அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர் இருவரையும் தனித்தனியாகப் பார்த்த பிறகே முடிவு சொல்லுங்கள். ஒருவரை மட்டும் பார்த்தால் அவர் கையில் இருக்கும் கருவியைத்தான் சொல்வார். அதில் குற்றம் ஏதுமில்லை, அவருக்குத் தெரிந்தது அது.

அறுவை என்றால் சுரப்பி முழுவதையும் விந்துப்பைகளோடு எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையின் வாயைச் சிறுநீர்த்தாரையோடு தைத்து இணைப்பது. விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியின் இரு பக்கமும் மெல்லிய இழை போல ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. அவற்றைக் காப்பாற்றி அறுக்கும் முறையை 1982இல் பாட்ரிக் வால்ஷ் செய்து காட்டினார். அதற்கு முன்பு இந்த அறுவை செய்துகொண்ட ஏறக்குறைய எல்லோரும் ஆண்மையை இழந்தார்கள். இன்று பெரும்பாலும் ரோபோ உதவியோடு செய்கிறார்கள். ரத்த இழப்பு குறைவு, ஓரிரு நாளில் வீடு. சிறுநீர்க் கட்டுப்பாடும் விறைப்பும் திரும்புவதில் ரோபோவைவிட அதைப் பிடித்திருக்கும் கைதான் பெரிது. "ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், உங்கள் நோயாளிகளில் ஓராண்டு கழித்து எத்தனை பேர் சிறுநீர்க் கசிவுக்கான பேட் இல்லாமல் இருக்கிறார்கள்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

சிறுநீரை வடிக்கும் ட்யூப் (கதீட்டர்) 7 முதல் 10 நாள் இருக்கும். இந்த நாட்களில் பயப்பட வேண்டாதது நிறைய. முக்கும்போது ட்யூப் ஓரமாகச் சிறுநீரோ ரத்தமோ கசிவது சகஜம், சிறுநீர்ப்பை சுருங்கி எரிவதும் சகஜம். பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, இரண்டு மணி நேரமாகப் பையில் எதுவும் சேரவில்லை, அடிவயிறு கல்லாகிறது என்பது. ட்யூப் மடங்கியிருக்கிறதா, பை சிறுநீர்ப்பையின் மட்டத்துக்கு மேலே தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டும் இல்லையென்றால் உடனே கிளம்புங்கள். ரத்தக்கட்டி அடைத்திருக்கும். மற்றொன்று, ட்யூப் தானாகக் கழன்று வந்துவிடுவது. அப்போது பக்கத்தில் இருக்கும் கிளினிக்கில் வழக்கம்போல் புது ட்யூப் போட விடாதீர்கள். உள்ளே புதுத் தையல் இருக்கிறது. தெரியாமல் தள்ளினால் அது பிய்ந்துவிடும். அறுவை செய்த குழுவுக்குத்தான் போக வேண்டும். எனிமா, ஆசனவாய் வழி மாத்திரை எதுவும் கூடாது. மலம் இளகும் மருந்தை வாயால் சாப்பிடுங்கள். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது.

ட்யூப் எடுக்கும் நாளுக்கு ஒரு பாக்கெட் பேடும் மாற்று உடையும் எடுத்துப் போங்கள். நாற்காலியிலிருந்து எழுந்த மாத்திரத்தில் சொட்டும். வாசலுக்கு நடப்பதற்குள் நனைந்துவிடும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் அந்த நிமிடத்தில் பல ஆண்கள் இடிந்துபோகிறார்கள். கட்டுப்பாடு திரும்புவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் படுக்கையில் இரவு உலரும், பிறகு உட்கார்ந்திருக்கும்போது, பிறகு நடக்கும்போது, கடைசியாகத்தான் இருமும்போதும் தும்மும்போதும். காலையில் நன்றாக இருந்து மாலையில் ஒழுகினால் பின்னடைவு என்று நினைக்காதீர்கள், தசை களைத்திருக்கிறது. தினமும் எத்தனை பேட் என்று குறித்து வாருங்கள். மூன்று முதல் ஆறு மாதத்தில் பெரும்பாலோர் தேறுவார்கள், சிலருக்கு ஓராண்டு ஆகும். ஒழுகுகிறதே என்று தண்ணீரைக் குறைப்பது பெரிய பிழை. சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தி, அவசரத்தை இன்னும் கூட்டும்.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை அறுவைக்குச் சில வாரம் முன்பே தொடங்குங்கள். ட்யூப் இருக்கும் நாட்களில் நிறுத்திவிட்டு, எடுத்த மறுநாள் மீண்டும் தொடங்குங்கள். சபையில் காற்றுப் பிரியாமல் அடக்கும்போது எந்தத் தசை மேலே இழுக்கிறதோ அதுதான். சரியாகச் செய்தால் ஆணுறுப்பின் அடிப்பாகம் லேசாக உள்ளிழுபடுவதைக் கண்ணாடியில் பார்க்கலாம். 10 விநாடி பிடித்து 10 விநாடி விட்டு, பத்து முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. வயிற்றை இறுக்குவது, புட்டத்தை நெரிப்பது, மூச்சைப் பிடிப்பது இந்த மூன்றும்தான் வழக்கமான தப்பு. இருமுவதற்கும் எழுவதற்கும் முந்தைய நொடியில் அந்தத் தசையை இறுக்கப் பழகினால் பேட் எண்ணிக்கை கண்முன்னே குறையும். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள்.

விறைப்பு திரும்ப ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகூட ஆகும், நரம்பைக் காப்பாற்றியிருந்தாலும். சில்டெனாஃபில், டாடலாஃபில் மாத்திரைகளைச் சீக்கிரமே தொடங்குவார்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் சாப்பிடுபவர் இவற்றைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும். மாத்திரை கேட்காவிட்டால் வேக்குவம் பம்ப், ஊசி என்று அடுத்த படிகள் உண்டு. ஊசி போட்டு நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு அடங்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். உச்ச உணர்வு இருக்கும், விந்து வராது. குழந்தை வேண்டும் என்பவர் அறுவைக்கு முன்பே விந்தணுவைச் சேமித்துவிட வேண்டும். இதைப் பற்றி மருத்துவர் தாமாகப் பேசுவார் என்று காத்திருக்காதீர்கள்.

அறுவைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரத்தில் எடுக்கும் பி.எஸ்.ஏ. 0.1க்கும் கீழே இருக்க வேண்டும். சுரப்பியே இல்லாத உடம்பில் அது இருக்க நியாயமில்லை. வெட்டிய விளிம்பில் நோய் இருக்கிறது என்று ரிப்போர்ட் சொன்னால் உடனே கதிர்வீச்சு என்பது பழைய வழக்கம். எண்ணைக் கூர்ந்து கவனித்து, ஏறத் தொடங்கியதும் கொடுப்பதே பெரும்பாலோருக்குப் போதும் என்று 2020இல் வெளியான ரேடிக்கல்ஸ் ஆய்வு காட்டியது. 0.2ஐத் தொட்டு, மறு பரிசோதனையிலும் உறுதியானால் மீண்டும் வந்திருக்கிறது என்று பொருள். 0.5ஐத் தாண்டும் முன்பே கதிர்வீச்சைத் தொடங்குவது பலன் தரும். "இன்னும் ஒன்றுக்குள்தானே இருக்கிறது" என்று ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போட்டு வாய்ப்பை இழப்பது இங்கேதான்.

கதிர்வீச்சின் வெற்றி மெஷினைவிட வயிற்றில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. சுரப்பிக்கு மேலே சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடல் மேலே ஒதுங்கும். மலக்குடல் காலியாக இருந்தால் சுரப்பி இடம் மாறாது. வழக்கமான முறை: சிறுநீர் கழித்துவிட்டு 350 முதல் 500 மில்லி தண்ணீரைப் பத்து நிமிடத்துக்குள் குடித்து, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் காத்திருப்பது. உங்கள் மையம் சொல்லும் அளவையும் நேரத்தையும் அப்படியே பின்பற்றுங்கள். இதில் நடக்கும் பிழை ஒன்று: முந்தைய நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு மெஷினுக்கு முன்னால் மட்டும் அரை லிட்டர் குடிப்பது. வறண்ட உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும், சிறுநீர்ப்பை நிறையாது. மேஜையில் எடுக்கும் ஸ்கேனில் அது தெரிந்ததும் இறக்கி உட்கார வைத்துவிடுவார்கள். மலக்குடலில் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் இதே கதைதான். முதல் வாரத்துக்கு முன்பே மலச்சிக்கலைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அதைவிட நுணுக்கமான பிழை திட்டமிடும் சி.டி. அன்று நடக்கிறது. "நிறைய இருந்தால் நல்லது" என்று நினைத்து வெடிக்கிற அளவுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறார்கள். அந்த அளவைத்தான் மெஷின் நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு தினமும் அதே அளவு நிறைக்க வேண்டும். மூன்றாம் வாரம் சிறுநீர்ப்பை எரிந்துகொண்டிருக்கும்போது அது நடக்காது. சிரமமில்லாமல் ஒரு மணி நேரம் அடக்கக்கூடிய அளவே போதும்.

நாட்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. முன்பு 39 தடவை வரை கொடுத்ததை இன்று 20 தடவையில் 60 கிரே (கதிர்வீச்சின் அலகு) என்று கொடுப்பது சாதாரணம். குறைந்த, நடுத்தர அபாயத்தில் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 5 தடவையிலேயே முடிகிறது. 2024இல் வந்த பேஸ்-பி ஆய்வில் ஐந்தாண்டு முடிவில் இந்தக் குறுகிய முறைக்கும் நீண்ட முறைக்கும் பலன் ஏறக்குறைய சமம். சில மையங்களில் சுரப்பிக்குள் மூன்று தங்க மணிகளை வைத்து இலக்கைப் பார்க்கிறார்கள், மலக்குடலைத் தள்ளிவைக்க ஜெல் செலுத்துகிறார்கள். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் எரிச்சல், அடிக்கடி போவது, மலம் இளகுவது, அயர்ச்சி எல்லாம் வரும். முடிந்த ஒன்றரை மாதத்தில் பெரும்பாலும் அடங்கும்.

ஓரிரு ஆண்டு கழித்து மலத்தோடு ரத்தம் வந்தால், கோலனாஸ்கோப்பி செய்பவரிடம் "புராஸ்டேட்டுக்கு ரேடியேஷன் வாங்கியிருக்கிறேன்" என்று படுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மலக்குடலின் முன்சுவரில் சந்தேகத்துக்காக ஒரு துண்டு எடுத்தால், ஆறாத புண்ணாகி ஓட்டை விழும் அபாயம் உண்டு.

கதிர்வீச்சுக்குப் பின் பி.எஸ்.ஏ. பூஜ்யத்துக்கு வராது, வர வேண்டியதும் இல்லை. மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். முதல் ஓரிரு ஆண்டில் காரணமில்லாமல் ஒருமுறை ஏறி, தானே இறங்குவதும் உண்டு. தொட்ட மிகக் குறைந்த எண்ணிலிருந்து 2 கூடினால்தான் நோய் திரும்பியது என்று கணக்கு. அறுவை செய்துகொண்டவரின் எண்ணோடு ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

சுரப்பிக்குள்ளேயே கதிர்வீசும் அயோடின்-125 மணிகளைப் பதிக்கும் பிராக்கிதெரபியும் உண்டு. அதன் அரை ஆயுள், அதாவது கதிர் பாதியாகக் குறையும் காலம், ஏறக்குறைய 60 நாள். முதல் இரண்டு மாதம் குழந்தைகளை நெடுநேரம் மடியில் வைக்காதீர்கள், கர்ப்பிணிகளை ஒட்டி உட்காராதீர்கள். சிறுநீர் அடைப்பு ஏற்கெனவே உள்ளவருக்கு இது சரிவராது.

ஹார்மோன் ஊசி

ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்த நோய் சுருங்கும் என்று 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார், 1966இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இன்றும் அடிப்படை அதுதான். கதிர்வீச்சோடு சேர்த்து, நடுத்தர அபாயத்தின் மோசமான பாதிக்கு 4 முதல் 6 மாதம், அதிக அபாயத்துக்கு 18 முதல் 36 மாதம். பரவியவருக்கு வாழ்நாள் முழுக்க.

லூப்ரோலைடு, கோசெரிலின் வகை ஊசிகள் முதல் இரண்டு வாரம் ஹார்மோனை ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். எலும்பில் நோய் உள்ளவருக்கு அந்த ஏற்றம் முதுகுத்தண்டை அழுத்தும் அளவுக்குப் போகலாம். அதனால்தான் பைகலூட்டமைடு மாத்திரையை முன்கூட்டித் தொடங்கிச் சில வாரம் கொடுக்கிறார்கள். "ஊசிதான் போட்டாச்சே" என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள். டிகேரலிக்ஸ் ஊசிக்கும் ரெலுகோலிக்ஸ் மாத்திரைக்கும் இந்த ஏற்றம் கிடையாது. ஊசியை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் ஹார்மோன் மீண்டும் எழும். பி.எஸ்.ஏ.யோடு டெஸ்டோஸ்டிரோனையும் பார்க்கச் சொல்லுங்கள், டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும். வாழ்நாள் சிகிச்சை என்று உறுதியானவருக்கு விதைகளை எடுக்கும் சிறு அறுவையும் அதே பலனை ஒரே நாளில் தரும், தேதி மறக்கும் தொல்லையும் இல்லை. மனசு ஒப்ப வேண்டும், அவ்வளவுதான்.

உடம்பு திடீரெனக் கொதித்து வியர்ப்பது, ஆசை அற்றுப்போவது, தொப்பை, தசை இளைப்பு, காரணமில்லாமல் கண் கலங்குவது எல்லாம் வரும். மனைவியையும் உட்கார வைத்து மருத்துவர் விளக்குவது நல்லது. இல்லாவிட்டால் "என்மேல் வெறுப்பு" என்று அவர் நினைத்துக்கொள்வார். எலும்பு தேய்வது கண்ணுக்குத் தெரியாது. தொடக்கத்திலேயே எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன், உணவோடு சேர்த்து நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம், வைட்டமின் டி, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் உடற்பயிற்சி. வெறும் நடை போதாது, தசைக்கு எதிர்ப்பு வேண்டும். சர்க்கரையும் கொழுப்பும் ஏறும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

"புராஸ்டேட் நலத்துக்கு" என்று விற்கும் பொடி, மாத்திரை எதுவானாலும் மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். பி.சி.-ஸ்பெஸ் என்ற மூலிகைக் கலவை ஒருகாலத்தில் பி.எஸ்.ஏ.யை அற்புதமாக இறக்கியது. சோதித்துப் பார்த்தால் உள்ளே செயற்கைப் பெண் ஹார்மோனும் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் இருந்தன. 2002இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

பரவிவிட்டால்

பரவிய நோய்க்கு இன்று ஊசி மட்டும் போட்டுவிட்டு நிறுத்துவது பெரும்பாலோருக்குக் குறைசிகிச்சை. தொடக்கத்திலேயே அபிராடிரோன், என்சலூட்டமைடு, அபாலூட்டமைடு, டாரோலூட்டமைடு என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரைகளில் ஒன்றைச் சேர்க்கிறார்கள். நோய் அதிகமென்றால் டோசிடாக்சல் கீமோவும் மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு தடவை. பரவல் குறைவாக இருப்பவருக்குச் சுரப்பிக்கே கதிர்வீச்சு கொடுத்தால் ஆயுள் நீள்கிறது என்று 2018இல் தெரியவந்தது.

அபிராடிரோனை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன். கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கினால் ரத்தத்தில் மருந்து பத்து மடங்குவரை ஏறிவிடும். கூடவே தரும் பிரட்னிசோலோனை "ஸ்டீராய்டு வேண்டாம்" என்று விட்டால் பொட்டாசியம் இறங்கி, ரத்த அழுத்தம் ஏறி, கால் வீங்கும். முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கல்லீரல் பரிசோதனை. என்சலூட்டமைடில் அயர்ச்சியும் தடுமாறி விழுவதும் அதிகம்; வலிப்பு வந்த சரித்திரம் இருந்தால் சொல்லுங்கள். எலும்புக்கு சோலெட்ரானிக் அமிலமோ டெனோசுமாபோ தொடங்கும் முன் பல் மருத்துவரிடம் போய், பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிவிடுங்கள். தொடங்கிய பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

ஊசி போட்டும் பி.எஸ்.ஏ. ஏறினால் "ஊசி வேலை செய்யவில்லை" என்று நிறுத்தக் கூடாது. ஊசி தொடரும், மேலே வேறு மருந்து சேரும். பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு இருந்தால் ஓலாபரிப் மாத்திரை வேலை செய்யும். பிறவியிலேயே வந்த கோளாறு என்றால் மகள்களும் சோதித்துக்கொள்ள வேண்டும், மார்பகம், சினைப்பைப் புற்றுநோயும் அதே மரபணுவில் வருவதால். பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேனில் நோய் ஒளிர்பவருக்கு லுட்டீஷியம்-177 என்ற கதிரியக்க ஊசி, ஆறு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு தடவை வரை. வாய் வறண்டு போவதுதான் அதன் பெரிய தொல்லை.

இத்தனை நேரம் நிதானத்தைப் பேசியாயிற்று. ஓட வேண்டிய இடங்கள் குறைவு, ஆனால் அங்கே காலை வரை பொறுப்பது கூடாது. பயாப்ஸி முடிந்த சில நாளில் நடுக்கத்தோடு காய்ச்சல் வருவது ஒன்று. கீமோ நடக்கும்போது 38 டிகிரி செல்சியஸைத் தொடுவது இன்னொன்று. பாராசிட்டமால் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். அறுவைக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பதும், மூச்சு வாங்குவதும் மற்றொன்று.

எல்லாவற்றிலும் அதிகம் தவறவிடுவது முதுகுவலி. எலும்பில் பரவியவருக்குப் புதிதாக முதுகில் வலி வந்து, படுத்தால் கூடுகிறது, பட்டை கட்டியதுபோல் நெஞ்சைச் சுற்றுகிறது, மாடிப்படி ஏறக் கால் தயங்குகிறது, சிறுநீர் வரவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போகிறது என்றால் முதுகுத்தண்டு அழுந்துகிறது. நடந்து வந்தவரைக் காப்பாற்றினால் பெரும்பாலும் நடந்து போவார். கால் விழுந்த பிறகு தூக்கி வந்தால் திரும்புவது அரிது. அவசரப் பிரிவின் வாசலில் "முதுகுவலி" என்று மட்டும் சொன்னால் வலி ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். சொல்ல வேண்டிய வாக்கியம் இது: "புராஸ்டேட் புற்றுநோய், எலும்பில் பரவியிருக்கிறது, நேற்றிலிருந்து காலில் பலம் குறைகிறது, முதுகெலும்பு முழுவதற்கும் இன்றே எம்.ஆர்.ஐ. வேண்டும்." கூடப் போகும் எல்லோருக்கும் அது மனப்பாடமாக இருக்கட்டும்.